பேஸ்மேக்கர் வைத்த பிறகு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு பேஸ்மேக்கர் வைத்து ஏழாவது வருடம் நடக்கிறது. முழு ஹார்ட் பிளாக், அதாவது இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்சாரம் போகும் வழி முழுதாக அடைபட்ட நிலை. இரண்டு முறை மயங்கி விழுந்த பிறகுதான் கண்டுபிடித்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது பேஸ்மேக்கர் விவரம் எழுதிய ஒரு கார்டும் ஒரு சின்னப் புத்தகமும் கொடுத்தார்கள். அந்தப் புத்தகத்தில் பாதிக்கு மேல் "செய்யக் கூடாது" பட்டியல்தான். அதைப் படித்துவிட்டு இரண்டு மாதம் நான் மிக்ஸி பக்கமே போகவில்லை. செக்கப்புக்குப் போகும்போதெல்லாம் புதிதாகப் பெட்டி வைத்தவர்கள் பக்கத்தில் வந்து உட்காருவார்கள். அதே பயம், அதே கேள்விகள். அவர்களிடம் சொன்னதையும், டாக்டரிடமும் டெக்னீஷியனிடமும் நான் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. உங்களுக்கென்று உங்கள் டாக்டர் தனியாக ஏதாவது சொல்லியிருந்தால் அதையே கேளுங்கள்.

இந்தப் பெட்டி உள்ளே என்னதான் செய்கிறது?

இதயத்தின் வலது மேலறையில் சைனஸ் முடிச்சு என்று ஒரு சின்ன இடம் இருக்கிறது. இதயத்தைத் துடிக்க வைக்கும் மின்சாரம் அங்கேதான் பிறக்கிறது. அது மேலறைகளில் பரவி, நடுவில் இருக்கும் ஏ.வி. முடிச்சைத் தாண்டி, கீழறைகளுக்குப் போய் அவற்றைச் சுருங்க வைக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இப்படி நடக்கும். பிறக்கும் இடம் சோர்ந்துபோனாலும், போகும் வழி அடைபட்டாலும் துடிப்பு குறைந்துவிடும். தலைச்சுற்றல், மூச்சு வாங்குதல், மயக்கம் எல்லாம் அதனால் வருவதுதான்.

பேஸ்மேக்கர் என்பது காரை எலும்புக்குக் கீழே தோலுக்கு அடியில் வைக்கும் டைட்டானியம் பெட்டி. எடை 20, 30 கிராம் இருக்கும். உள்ளே ஒரு பேட்டரி, ஒரு சின்னக் கணினி. அதிலிருந்து ஒன்றோ இரண்டோ லீட் வயர்கள் ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் போகின்றன, சிலருக்கு மூன்று.

பலர் நினைப்பதுபோல அது நாள் முழுக்க இதயத்தை அடித்து ஓட்டிக்கொண்டிருப்பதில்லை. முதலில் கவனிக்கிறது. உங்கள் துடிப்பு நேரத்துக்கு வந்தால் பேசாமல் இருக்கும். குறித்த நேரத்துக்குள் வரவில்லை என்றால்தான் தூண்டுதல் அனுப்பும். அதனால் ஒருவருக்கு நாளில் ஐந்து சதவீதம் வேலை செய்யும், என்னைப்போல முழு பிளாக் உள்ளவருக்கு ஏறக்குறைய நூறு சதவீதம் வேலை செய்யும். எத்தனை சதவீதம் என்று செக்கப்பில் கேட்டால் சொல்வார்கள். தெரிந்துகொள்வது நல்லது.

வயரே இல்லாத பேஸ்மேக்கரும் வந்துவிட்டது. மாத்திரை மாதிரி இருக்கும் அதைத் தொடையிலுள்ள ரத்தநாளம் வழியாகக் கொண்டுபோய் இதயத்துக்குள்ளேயே பொருத்திவிடுவார்கள். உங்களுக்கு அந்த வகை என்றால், கீழே தோளையும் மார்புக் காயத்தையும் பற்றிச் சொல்லியிருப்பது பொருந்தாது.

அது துடிப்பு அனுப்பும்போது தெரியுமா? என்னைத் தொடுபவர்களுக்கு ஷாக் அடிக்குமா?

தெரியாது, அடிக்காது. குழந்தையைத் தூக்கிக் கொஞ்சலாம், யாரை வேண்டுமானாலும் கட்டிப்பிடிக்கலாம். பெரிய ஷாக் கொடுப்பது ஐ.சி.டி. என்ற வேறு கருவி. ஆபத்தான வேகத்தில் இதயம் தறிகெட்டு ஓடுபவர்களுக்கு வைப்பது அது. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் இந்தக் கேள்வி வருகிறது.

நிற்காத விக்கலோ, நெஞ்சுச் சதையிலோ வயிற்றிலோ தாளம் போட்டதுபோல் துடிப்போ இருந்தால் மட்டும் டாக்டரிடம் சொல்லுங்கள். தூண்டுதல் பக்கத்திலுள்ள நரம்பையோ, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள உதரவிதானத் தசையையோ தொடுகிறது என்று அர்த்தம். ஒரு வயர் கொஞ்சம் நகர்ந்திருக்கவும் கூடும்.

கையைத் தூக்கவே கூடாதா?

இதில்தான் ஆட்கள் இரண்டு பக்கமும் தவறு செய்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

லீட் வயரின் நுனி இதயச் சுவரில் சின்னக் கொக்கியாலோ திருகாலோ பிடித்துக்கொண்டிருக்கும். அதைச் சுற்றித் திசு வளர்ந்து இறுக்கமாகப் பிடிக்கச் சில வாரம் ஆகும். அதுவரை பெட்டி வைத்த பக்கத்துக் கையை வேகமாக மேலே தூக்கினாலோ, பளுவை இழுத்தாலோ வயர் இடம் மாறலாம். அப்படி ஆனால் மறுபடியும் அறுவை சிகிச்சை அறைக்குப் போக வேண்டியதுதான். அதனால் நான்கு முதல் ஆறு வாரம் வரை அந்தப் பக்கத்து முழங்கையைத் தோள் மட்டத்துக்கு மேல் தூக்காதீர்கள், கனமானதைத் தூக்காதீர்கள், தள்ளாதீர்கள். பரணில் இருந்து பொருள் எடுப்பது, கொடியில் துணி காயப்போடுவது, படுக்கையிலிருந்து அந்தக் கையை ஊன்றி எழுவது எல்லாம் இதில் சேரும். எத்தனை வாரம் என்பது டாக்டருக்கு டாக்டர் மாறும், கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பயந்துபோய்க் கையை உடம்போடு ஒட்டியே வைத்திருப்பவர்களையும் பார்க்கிறேன். என் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பெரியவர் மூன்று மாதம் கையைத் தூளியிலேயே போட்டு வைத்திருந்தார். வயர் பத்திரமாக இருந்தது, தோள் இறுகிப்போயிருந்தது. அதைச் சரிசெய்யப் பல மாதம் பிசியோதெரபி. முதல் வாரத்திலிருந்தே அந்தக் கையால் சாப்பிடலாம், பல் துலக்கலாம், எழுதலாம், சட்டைப் பித்தான் போடலாம். தோள் மட்டத்துக்குக் கீழே மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டே இருங்கள்.

ஆறு வாரம் தாண்டி டாக்டர் சரி என்று சொன்ன பிறகு அந்தக் கை பழைய கைதான். எனக்கு மூன்றாவது மாதமே பரண் வேலை திரும்ப வந்துவிட்டது.

காயத்தை எப்படிப் பார்த்துக்கொள்வது?

நனையாமல் பாருங்கள். எத்தனை நாள் என்று மருத்துவமனையில் சொல்வார்கள், பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாள். அதுவரை இடுப்புக்குக் கீழே குளித்துவிட்டு மேலே துடைத்துக்கொள்ளலாம். பவுடர், களிம்பு, எண்ணெய் எதுவும் போட வேண்டாம். காயத்தைச் சுற்றிக் கன்றிப்போய் நீலமாக இருப்பது சகஜம், இரண்டு மூன்று வாரத்தில் மஞ்சளாகி மறையும்.

இதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். காயம் சிவந்து சூடாக இருந்தாலோ, வீக்கம் கூடிக்கொண்டே போனாலோ, நீரோ சீழோ வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, பெட்டி வைத்த மருத்துவமனைக்கே அன்றைக்கே போங்கள். பக்கத்தில் உள்ள யாராவது "ஊசியால் குத்தி நீரை எடுத்துவிடலாம்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஊசியோடு கிருமியும் உள்ளே போகும். பெட்டியில் கிருமி தொற்றிவிட்டால் ஆன்டிபயாடிக் மட்டும் போதாது, பெரும்பாலும் பெட்டியையும் வயர்களையும் எடுத்தாக வேண்டிவரும். வருடங்கள் கழித்துக்கூட பெட்டிக்கு மேலே தோல் மெலிந்து பளபளப்பாகத் தெரிந்தால் காட்டிவிடுங்கள்.

இன்னொன்று: பெட்டியைத் தோலுக்கு மேலே பிடித்து உருட்டிப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு வந்துவிடுகிறது. பெட்டி சுழலச் சுழல வயர் அதில் சுற்றிக்கொண்டு இதயத்திலிருந்து பிடுங்கிக்கொள்ளும். அங்கே கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

செல்போன் பேசலாமா?

பேசலாம். பெட்டி இடப்பக்கம் என்றால் வலது காதில் வைத்துப் பேசுங்கள். சட்டைப் பையில் மட்டும் வைக்காதீர்கள். போனுக்கும் பெட்டிக்கும் நடுவில் 15 செ.மீ. இருந்தால் போதும். ஐபோன் 12 தொடங்கி சில போன்களின் முதுகில் வட்டமாகக் காந்தம் இருக்கிறது. அந்த வகைக்கு ஆப்பிள் நிறுவனமே 15 செ.மீ. தள்ளி வைக்கவும், வயரில்லாமல் சார்ஜ் ஏறும்போது 30 செ.மீ. தள்ளி வைக்கவும் சொல்கிறது. இயர்போன், அதன் டப்பா, காந்த மூடியுள்ள கவர் எல்லாவற்றிலும் காந்தம் உண்டு. படுத்துக்கொண்டு போனை நெஞ்சின் மேல் வைத்தபடியே தூங்கிப்போகும் பழக்கம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

காந்தம் பக்கத்தில் வந்தால் என்ன ஆகும் என்று தெரிந்தால் பயம் குறையும். பெட்டி நின்றுவிடாது. கவனிப்பதை விட்டுவிட்டு ஒரே சீரான வேகத்தில் துடிப்பு அனுப்ப ஆரம்பிக்கும். காந்தத்தை எடுத்ததும் பழையபடி வேலை செய்யும். செக்கப்பில் டெக்னீஷியன்களே இதற்காகக் காந்தம் வைத்துப் பார்ப்பதுண்டு. ஆகவே தவறுதலாகப் போன் நெஞ்சில் பட்டுவிட்டால் பதற வேண்டாம், எடுத்துத் தள்ளி வையுங்கள். காந்தத் தலையணை, காந்த மெத்தை, நோய் தீர்க்கும் என்று விற்கிற காந்த மாலை போன்றவை வேண்டவே வேண்டாம்.

வீட்டில் எந்தெந்தச் சாதனம் ஆபத்து?

மிக்ஸி, ஃபேன், ஃப்ரிட்ஜ், டிவி, வாஷிங் மெஷின், இஸ்திரிப் பெட்டி, கம்ப்யூட்டர், மைக்ரோவேவ் எதுவும் ஒன்றும் செய்யாது. நல்ல நிலையில், எர்த் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஷாக் அடிக்கிற பழைய ஹீட்டரையோ ஒட்டுப்போட்ட வயரையோ மாற்றிவிடுங்கள். அது பெட்டி இல்லாதவருக்கும் ஆபத்துதானே.

இன்டக்‌ஷன் அடுப்பு மட்டும் தனி. அதன் பரப்புக்கும் பெட்டிக்கும் இடையில் 60 செ.மீ. இருக்கட்டும் என்கிறார்கள். நிமிர்ந்து நின்று சமைத்தாலே ஏறக்குறைய அவ்வளவு தூரம் கிடைத்துவிடும். குனிந்து பாத்திரத்துக்குள் எட்டிப் பார்க்கும்போதுதான் தூரம் குறைகிறது. அப்போது அடுப்பை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

உடல் கொழுப்பைக் கணக்கிடும் எடை மெஷின் உடம்புக்குள் லேசான மின்சாரம் செலுத்துகிறது. சாதாரண எடை மெஷினே போதும். வெல்டிங், பெரிய மோட்டார், ஜெனரேட்டர், ஓடுகிற கார் இன்ஜின் மேல் குனிந்து வேலை பார்ப்பது ஆகியவற்றுக்கு டாக்டரிடம் தனியாகக் கேட்க வேண்டும். இதுதான் உங்கள் தொழில் என்றால் பெட்டி வைப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். வேலைக்குத் தகுந்த மாதிரி யோசிக்க அவர்களுக்கு வழி கிடைக்கும்.

விமான நிலையத்தில், கடை வாசலில் இருக்கும் கதவுகள்?

நடந்து போய்விடுங்கள், நடுவில் நிற்காதீர்கள், சாய்ந்துகொள்ளாதீர்கள். விமான நிலையத்தில் கார்டைக் காட்டிக் கையால் சோதிக்கச் சொல்லலாம். கையில் பிடிக்கும் கருவியைப் பெட்டியின் மேலேயே வைத்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். விமானப் பயணத்தால் பெட்டிக்கு எந்தத் தொல்லையும் இல்லை.

வண்டி எப்போது ஓட்டலாம்?

நாட்டுக்கு நாடு விதி வேறு. சொந்தக் காருக்கு ஒரு வாரம் போதும் என்று சில இடங்களில், அதற்கும் அதிகமாகச் சில இடங்களில். பஸ், லாரி ஓட்டுபவர்களுக்குப் பொதுவாகக் கூடுதல் காலம்தான். மயக்கம் போட்டு விழுந்து அதற்காகப் பெட்டி வைத்தவர்கள், முதல் செக்கப்பில் எல்லாம் சரி என்று சொல்லும்வரை பொறுத்திருப்பது நல்லது என்பது என் கருத்து. சாலையில் உங்கள் உயிர் மட்டும் இல்லை. சீட் பெல்ட் பெட்டியின் மேல் உறுத்தினால் நடுவில் மடித்த துணி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். உறுத்துகிறது என்று பெல்ட் போடாமல் மட்டும் போகாதீர்கள்.

நடை, ஓட்டம், நீச்சல்?

நடையை மறுநாளே தொடங்கலாம். நீச்சல், பேட்மிண்டன், ஜிம் எல்லாம் கைக் கட்டுப்பாடு முடிந்த பிறகு. பெட்டியின் மேல் நேராக அடி விழக்கூடிய குத்துச்சண்டை, மல்யுத்தம், கபடி போன்றவற்றை விட்டுவிடச் சொல்வார்கள்.

படி ஏறும்போது துடிப்பு கூட வேண்டும் அல்லவா? பல பெட்டிகளில் அதற்கென்று அசைவை உணரும் சென்சார் இருக்கிறது. நீங்கள் நடக்க ஆரம்பித்தால் வேகத்தைக் கூட்டும். அது ஆளுக்குத் தகுந்தபடி அமைக்க வேண்டிய விஷயம். "படி ஏறினால் கால் பின்னுகிறது, மூச்சு வாங்குகிறது" என்று நான் சொன்னதும் டெக்னீஷியன் புரோகிராமரில், அதாவது வெளியிலிருந்தே பெட்டியின் அமைப்பை மாற்றும் கருவியில், ஒரு அளவை மாற்றினார். கத்தி இல்லை, ஊசி இல்லை, ஐந்து நிமிடம். அதற்கு முன்னால் எட்டு மாதம் "வயசாகிவிட்டது" என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டேன். நீங்கள் அப்படி இருக்காதீர்கள், சொல்லுங்கள்.

துடிப்பு 60-க்குக் கீழே போகாதபடி வைத்திருப்பதாகச் சொன்னார்கள். விரலில் மாட்டும் மீட்டர் 45 காட்டுகிறது. பெட்டி கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. நடுநடுவே முந்திக்கொண்டு வரும் அரைகுறைத் துடிப்புகள் எல்லோருக்கும் உண்டு. அவை விரல்வரை எட்டுமளவுக்கு ரத்தத்தைத் தள்ளுவதில்லை. இதயம் துடித்திருக்கும், மீட்டர் எண்ணியிருக்காது. சில பெட்டிகளில் இரவில் வேகம் குறையும்படியும் அமைத்திருப்பார்கள். தலைச்சுற்றலோ சோர்வோ சேர்ந்து இருந்தால் உடனே காட்டுங்கள். இல்லையென்றாலும் போன் செய்து கேட்பதில் தப்பில்லை, ஒரு ஈ.சி.ஜி. எடுத்தால் தெரிந்துவிடும்.

100, 110 என்று அதிகமாகக் காட்டினால் அதையும் பெட்டியின் குற்றமாக நினைக்க வேண்டாம். பேஸ்மேக்கர் துடிப்பு குறையாமல் பார்த்துக்கொள்ளும். தானாக வேகமெடுக்கும் இதயத்துக்கு அது பிரேக் போடாது. அதற்கு மாத்திரைதான். ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தக்குழாய் அடைப்பு எதையும் அது குணமாக்காது. பெட்டி வந்துவிட்டதே என்று மாத்திரையை நிறுத்தியவர்கள் உண்டு. தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கலாமா? வேறு சிகிச்சைகள்?

இப்போது வைக்கும் பெட்டிகளில் பெரும்பாலானவை எம்.ஆர்.ஐ.க்கு ஏற்றவை. பெட்டி மட்டும் ஏற்றதாக இருந்தால் போதாது, வயர்களும் ஏற்றவையாக இருக்க வேண்டும். ஸ்கேனுக்கு முன்னால் பெட்டியை அதற்குரிய நிலைக்கு மாற்றி, முடிந்ததும் பழைய நிலைக்குக் கொண்டுவருவார்கள். வைத்து ஆறு வாரம் ஆகியிருக்க வேண்டும் என்பது வழக்கம். பழைய பெட்டி உள்ளவர்களுக்கும் தகுந்த ஏற்பாட்டோடு சில இடங்களில் எடுக்கிறார்கள். ஆகவே "பேஸ்மேக்கர் இருக்கிறது, முடியாது" என்று யாராவது ஒரே வரியில் சொன்னால் அங்கேயே விட்டுவிடாமல் பெட்டி வைத்த டாக்டரிடம் கேளுங்கள்.

எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட், சாதாரண பல் சிகிச்சை ஆகியவற்றுக்குப் பயம் இல்லை, சொல்லிவிட்டு எடுங்கள். வேறு அறுவை சிகிச்சையில் மின்கத்தி பயன்படுத்துவார்கள், புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுப்பார்கள். இரண்டுக்கும் முன்கூட்டியே பெட்டியை எப்படி வைப்பது என்று தீர்மானிக்க வேண்டும். வலிக்காக மின்சாரம் செலுத்தும் சிகிச்சைகளைக் கேட்காமல் எடுக்காதீர்கள். ஷார்ட்வேவ் டயதெர்மி என்ற வெப்ப சிகிச்சை கூடவே கூடாது.

பேட்டரி திடீரென்று தீர்ந்துவிட்டால்?

அப்படித் தீராது. பேட்டரி இறங்க இறங்கப் பெட்டியே அதைக் குறித்து வைக்கும். மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அது காட்டிய பிறகும் பொதுவாக மூன்று மாத அளவுக்கு ஓடும்படிதான் செய்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, வருடத்துக்கு ஒருமுறை செக்கப் வரச் சொல்வது இதற்காகத்தான். சிலருக்கு வீட்டிலேயே ஒரு கருவி கொடுத்து, அது தகவலை அனுப்பிக்கொள்ளும்படி செய்வார்கள். ஆயுள் எட்டு முதல் பன்னிரண்டு வருடம் என்று வைத்துக்கொள்ளலாம், எவ்வளவு வேலை செய்கிறது என்பதைப் பொறுத்துக் கூடும் குறையும். மாற்றும்போது பேட்டரியை மட்டும் கழற்ற முடியாது, முழுப் பெட்டியையும் மாற்றுவார்கள். வயர்கள் நன்றாக இருந்தால் அவை அப்படியே இருக்கும். அதனால் இரண்டாவது முறை பொதுவாகச் சுலபம்.

மனிதனுக்குள் முதல் பேஸ்மேக்கரை 1958 அக்டோபர் 8-ஆம் தேதி ஸ்வீடனில் வைத்தார்கள். ரூனே எல்ம்க்விஸ்ட் என்ற பொறியாளர் செய்தது, வைத்தவர் ஓக்கே சென்னிங் என்ற அறுவை மருத்துவர். நோயாளி ஆர்னே லார்சனுக்கு அப்போது 43 வயது. ஒரு நாளில் பல தடவை மயங்கி விழுந்துகொண்டிருந்தார். அவர் மனைவி விடாமல் வற்புறுத்தியதால்தான் இருவரும் துணிந்தார்கள். முதல் பெட்டி சில மணி நேரத்திலேயே நின்றுவிட்டது. லார்சன் 2001 வரை இருந்தார், 86 வயதுவரை, தன்னைக் காப்பாற்றிய இருவரும் மறைந்த பிறகும். வாழ்நாளில் அவருக்குள் வைத்தவை 26 கருவிகள். இறந்தது இதயக் கோளாறால் அல்ல, புற்றுநோயால். ராத்திரி பயம் வந்தபோதெல்லாம் நான் இந்த மனிதரைத்தான் நினைத்துக்கொள்வேன்.

எல்லாம் சரி என்கிறார்கள். ஆனால் ராத்திரி தூக்கம் வருவதில்லை, துடிப்பையே கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன்.

நானும் அப்படித்தான் படுத்திருந்தேன். அறுவை சிகிச்சையைப் பற்றி நூறு பேர் விசாரித்தார்கள், இதை ஒருவரும் கேட்கவில்லை. நெஞ்சுக்குள் ஒரு இயந்திரம் இருக்கிறது, அது நின்றால் நான் நின்றுவிடுவேன் என்ற நினைப்பு லேசான பாரம் இல்லை. தைரியமில்லாதவர்களுக்குத்தான் வரும் என்றும் இல்லை.

எனக்கு உதவியது இரண்டு. ஒன்று, செக்கப்பில் திரையைத் திருப்பிக் காட்டச் சொன்னேன். கடந்த ஆறு மாதத்தில் என்னென்ன நடந்தது என்று பெட்டி எழுதி வைத்திருந்ததைக் கண்ணால் பார்த்தேன். நான் தூங்காமல் காவல் இருந்த இரவுகளிலும் அது வழக்கம்போல வேலை பார்த்திருந்தது. இரண்டாவது, நாடி பிடித்துப் பார்ப்பதை ஒரு நாளைக்கு ஒரு முறை என்று குறைத்தேன், அப்புறம் விட்டேவிட்டேன். அந்தப் பக்கமாகப் படுத்தால் உறுத்துகிறது என்றால் சில மாதம் மறுபக்கம் படுங்கள், தானாகப் பழகிவிடும். தாம்பத்திய உறவுக்கும் தடை இல்லை. முதல் சில வாரம் கையிலும் தோளிலும் பாரம் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இரண்டு மூன்று மாதம் ஆகியும் பயம் விடவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் டாக்டரிடம் அதையும் ஒரு நோயாகவே சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை இருக்கிறது.

அப்பாவுக்குப் பெட்டி வைத்திருக்கிறோம். வீட்டில் நாங்கள் என்ன தெரிந்து வைத்திருக்க வேண்டும்?

அவரை நோயாளி ஆக்காதீர்கள். நாற்காலியிலிருந்து எழுந்தாலே "உட்காருங்கப்பா" என்று சொன்னால், ஆறு மாதத்தில் கால்களில் பலம் போய்விடும். அவர் செய்துகொண்டிருந்த வேலைகளைத் திருப்பிக் கொடுங்கள்.

உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டியவை: மறுபடி மயக்கம், மயக்கம் வருவதுபோன்ற தலைச்சுற்றல், திடீரென மூச்சு வாங்குதல், நெஞ்சு வலி. பெட்டி வைத்த பக்கத்துக் கை முழுவதும் வீங்கினாலும் காட்டுங்கள், அங்கே ரத்தம் உறைந்திருக்கலாம். அவர் பேச்சு மூச்சில்லாமல் விழுந்துவிட்டால் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு நெஞ்சை அழுத்தும் முதலுதவியை எல்லோருக்கும் செய்வதுபோலவே செய்யுங்கள். பெட்டி இருக்கிறதே என்று தயங்க வேண்டாம், உங்களுக்கு ஒன்றும் ஆகாது. ஷாக் கொடுக்கும் கருவி கிடைத்தால் அதன் ஒட்டுப் பட்டையைப் பெட்டியின் மேலே ஒட்டாமல் சற்றுத் தள்ளி ஒட்டுங்கள்.

அவருடைய கார்டைப் போட்டோ எடுத்து ஆளுக்கொன்று போனில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த மாடல், என்ன வயர், எப்போது வைத்தது என்பதெல்லாம் அதில் இருக்கிறது.

கடைசிக் காலத்தில் இது உயிரை இழுத்துப் பிடித்துக்கொண்டு இருக்குமா?

கேட்கத் தயங்கித் தயங்கி, கதவருகில் போய்த் திரும்பி நின்று கேட்கிற கேள்வி இது. இருக்காது. பெட்டி தூண்டுதலைத்தான் அனுப்பும், சுருங்க வேண்டியது இதயத் தசை. உடம்பு ஓய்ந்து தசை இறக்கும்போது எவ்வளவு தூண்டினாலும் அது பதில் சொல்லாது. மரணம் எல்லோருக்கும் வருவதுபோலத்தான் வரும்.

தகனம் செய்வதாக இருந்தால் பெட்டியை முன்பே எடுத்துவிட வேண்டும், சூட்டில் பேட்டரி வெடிக்கும். துக்கத்தில் இருக்கும் வீட்டில் இது யாருக்கும் ஞாபகம் வராது. என் மகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். கார்டின் பின்பக்கத்திலும் பேனாவால் ஒரு வரி எழுதியிருக்கிறேன்.